தாயக்கட்டையிலிருந்து கடைப் பெட்டி வரை: பலகை விளையாட்டின் கதையும் நம் கதையும்



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும்னு கேட்டாங்க. நான் பத்தாவது வரை படிச்சவ. எங்க குழுவில் தீர்மானப் புத்தகம் எழுதுறதுதான் எனக்குத் தெரிஞ்ச எழுத்து. எந்த வரலாற்றை எழுதறதுன்னு யோசிச்சப்போ, போன இரண்டு வருஷமா எங்க குழுவை ஆட்டி வைத்த ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. அது ஒரு பலகை விளையாட்டு. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பிறந்து, இன்றைக்குப் பெட்டியில் விற்பனைக்கு வந்திருக்கிறது. அதற்கு முன்னால் உலகத்தில் இதே மாதிரி வீட்டில் பிறந்த ஆட்டங்களுக்கு என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தேன். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்கிறேன். நம்மில் யாராவது எதையாவது புதிதாகச் செய்தால் உதவியாக இருக்கும்.

முதலில் நம் வீட்டு ஆட்டங்கள். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க என் மாமியார் பரமபதத் தாளை விரிப்பாங்க. பித்தளைத் தாயக்கட்டை இரண்டை உள்ளங்கையில் தேய்த்து உருட்டும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கு. ஏணியில் ஏறினால் புண்ணியம், பாம்பு கடித்தால் பாவம். விளையாடும்போதே பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக் கொடுத்த ஆட்டம் அது.

இதே ஆட்டம் வடநாட்டில் ஞான சௌபர் என்று இருந்தது. ஆங்கிலேயர்கள் அதைப் பார்த்து எடுத்துப் போய், 1890-களில் இங்கிலாந்தில் அச்சடித்து விற்றார்கள். நம்ம பழைய பலகைகளில் ஏணியை விடப் பாம்பு அதிகம். கெட்டுப் போறது சுலபம், மேலே ஏறுறது கஷ்டம் என்பதுதான் அதன் பாடம். அங்கே அச்சானபோது பல பலகைகளில் ஏணியையும் பாம்பையும் சமமாக்கிவிட்டார்கள். 1943-ல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி என்ற கம்பெனி பாம்பையே எடுத்துவிட்டு, சறுக்கு மரம் போட்டு விற்றது. தாயத்துக்குச் சொந்தமான பச்சீசிக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் அது பார்ச்சீசி ஆனது. இங்கிலாந்தில் 1896-ல் லூடோ என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார்கள். அந்த லூடோ அட்டையை நாம் திரும்பவும் காசு கொடுத்துக் கடையில் வாங்குறோம்.

இதில் யாரையும் திட்டிப் பயனில்லை. நம் பாட்டிமார் ஆடினாங்க, கற்றுக் கொடுத்தாங்க. யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை. பெட்டியில் போட்டவன் பெயர்தான் நின்றது.

இனி ஒரு பெண்ணின் கதை. இதை என் மகள் கல்லூரியில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். நான் அவளை மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னேன்.

நம்ம பிள்ளைகள் 'பிசினஸ்' என்று ஒரு ஆட்டம் ஆடுவாங்களே, ஊர் ஊராக நிலம் வாங்கி, வீடு கட்டி, மற்றவர் வந்து நின்றால் வாடகை வசூலிப்பது? அதன் மூலம் அமெரிக்காவின் மோனோபோலி. அதைக் கண்டுபிடித்தவர் சார்லஸ் டாரோ என்ற வேலையில்லாத மனிதர் என்றுதான் பல வருஷம் உலகம் நம்பியது. உண்மையில் அது எலிசபெத் மேகி என்ற பெண்ணின் ஆட்டம். லிஸி மேகி என்று அழைப்பார்கள். 1866-ல் பிறந்தவர். சுருக்கெழுத்தும் தட்டச்சும் தெரிந்த, சம்பாதித்துத் தன் காலில் நின்ற பெண். தட்டச்சு இயந்திரத்துக்கே ஒரு சிறு முன்னேற்றம் கண்டுபிடித்து 1893-ல் காப்புரிமை வாங்கியவர்.

அவருக்கு ஒரு ஆதங்கம் இருந்தது. நிலம் வைத்திருப்பவர் உட்கார்ந்த இடத்தில் பணக்காரர் ஆகிறார், வாடகை கொடுப்பவர் உழைத்து உழைத்து ஏழை ஆகிறார் என்பது. இதை மேடையில் பேசினால் எத்தனை பேர் கேட்பார்கள்? அதனால் ஒரு ஆட்டமாகச் செய்தார். 1903-ல் விண்ணப்பித்து, 1904 ஜனவரி 5-ஆம் தேதி காப்புரிமை பெற்றார். 'நிலக்கிழார் விளையாட்டு' என்று அதற்குப் பெயர். அதற்கு இரண்டு விதமான விதிகள் வகுத்தார். ஒன்றில் ஒருவர் எல்லாவற்றையும் வளைத்துப் போட்டு மற்றவரை ஓட்டாண்டி ஆக்கினால் வெற்றி. மற்றொன்றில், செல்வம் பெருகும்போது எல்லோருக்கும் பங்கு உண்டு. இரண்டையும் ஆடிப் பார்த்தால் எது நியாயம் என்று தானே புரியும் என்பது அவர் கணக்கு.

1906-ல் நியூயார்க்கில் ஒரு சின்ன நிறுவனம் மூலம் அது வெளியானது. பெரிய அளவில் விற்கவில்லை. ஆனால் ஆட்டம் சாகவில்லை. ஒருவர் வீட்டில் பார்த்தவர் தன் வீட்டுக்குப் போய்த் துணியில், அட்டையில் கையால் வரைந்துகொண்டார். கல்லூரி மாணவர்கள் வரைந்தார்கள். அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை ஊரில் குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்கள் ஊர்த் தெருப் பெயர்களைக் கட்டங்களில் எழுதிக்கொண்டார்கள். முப்பது வருஷம் இப்படிக் கைக்குக் கை போனது.

1930-களில் அங்கே பெரிய பொருளாதார வீழ்ச்சி. வேலை இழந்த டாரோ ஒரு நண்பர் வீட்டில் இந்த ஆட்டத்தை ஆடினார். விதிகளை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். தன் வீட்டிலேயே செய்து விற்க ஆரம்பித்தார். 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற கம்பெனி அதை அவரிடம் வாங்கியது. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பிறகுதான், லிஸி மேகியின் காப்புரிமை ஒன்று இன்னும் உயிரோடு இருப்பது தொந்தரவாகும் என்று, கம்பெனி அதையும் அதே வருஷம் நவம்பரில் அவரிடம் விலைக்கு வாங்கியது. விலை 500 டாலர். ஒவ்வொரு பெட்டிக்கும் இவ்வளவு என்ற பங்குத்தொகை கிடையாது. டாரோவுக்கோ அந்தப் பங்குத்தொகை வந்துகொண்டே இருந்தது, பெரும் பணக்காரர் ஆனார். லிஸி மேகி 1948-ல் காலமானார்.

உண்மை எப்படி வெளியே வந்தது தெரியுமா? 1970-களில் ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 'ஆன்ட்டி மோனோபோலி' என்று ஒரு ஆட்டம் வெளியிட்டார். பெயரைப் பயன்படுத்தக்கூடாதென்று தகராறு வந்து வழக்கானது. வழக்குக்காக அவர் பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப் போனபோது லிஸி மேகியின் கதை கிடைத்தது. அதில் ஒரு சின்ன சாட்சி எனக்கு ரொம்பப் பிடித்தது. அட்லாண்டிக் சிட்டி பக்கத்தில் 'மார்வென் கார்டன்ஸ்' என்று ஒரு இடம். டாரோவுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்த நண்பர் தன் பலகையில் அதை 'மார்வின்' என்று தப்பாக எழுதியிருந்தார். டாரோவின் பலகையிலும் அதே தப்பு. காப்பி அடிக்கிற பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் தப்பையும் சேர்த்து எழுதி மாட்டிக்கொள்ளுமே, அதே கதை!

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

2020 ஊரடங்கில் வாராந்திரக் கூட்டம் நின்று போனது. எங்க குழுவின் அக்கா ஒருத்தர், பிள்ளைகளை வீட்டுக்குள் உட்கார வைக்க, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பரமபதம் மாதிரி ஒன்று வரைந்தாங்க. ஏணியெல்லாம் நம்ம விஷயம்: மாதச் சந்தா தவறாமல் கட்டியது, உள்கடன் வாங்கித் தையல் மெஷின் போட்டது, சுழல் நிதி வந்தது. பாம்பெல்லாம் நமக்குத் தெரிந்த பாம்புகள்: மீட்டர் வட்டி, ஓடிப்போன சீட்டுக்காரர், கடன் வாங்கிச் செய்த மஞ்சள் நீராட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து. மீட்டர் வட்டிப் பாம்பின் தலை 97-ல் இருக்கும், வால் 4-ல். ஆடுறவங்க எல்லாரும் அந்த 97-ஐப் பார்த்தால் சாமியைக் கும்பிடுவாங்க.

கூட்டம் மறுபடி கூடியதும் அதைக் கொண்டு வந்தாங்க. புது உறுப்பினருக்குக் கடன் விதிகளை நாங்க அரை மணி நேரம் வாயால் சொல்லிப் புரியாததை, இரண்டு ஆட்டத்தில் புரிந்துகொண்டாங்க. பிறகு மற்றக் குழுக்களும் கேட்டு வரைந்துகொண்டாங்க. முடிச்சூர்க்காரங்க தங்கள் தாளில் '2015 வெள்ளம்' என்று ஒரு பெரிய பாம்பைச் சேர்த்தாங்க. பெருங்களத்தூரில் ஒரு குழு 'ஜி.எஸ்.டி. ரோடு டிராபிக், ஒரு ஆட்டம் நில்' என்று எழுதியது. சிட்லபாக்கத்தில் 'மின்சார ரயில் கிடைத்தது, மூன்று கட்டம் போ' என்று போட்டாங்க. அட்லாண்டிக் சிட்டிக்காரங்க செய்ததையேதான் தாம்பரத்தில் நாமும் செய்திருக்கிறோம். அப்போது அது எங்களுக்குத் தெரியாது.

இப்படி ஊர் சுற்றும்போது ஒரு வியாபாரி கண்ணில் பட்டது. அக்காவைத் தேடி வந்து, "25,000 ரூபாய் மொத்தமா தர்றேன், எல்லா உரிமையும் எழுதிக் கொடுத்துடுங்க" என்றார். அந்த மாதம் அக்காவின் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் வந்து சொல்லும்போது அவங்க குரல் தணிந்திருந்தது. "கிறுக்கின தாளுக்கு இருபத்தஞ்சாயிரம் யாரும்மா தருவா? நான் குடுத்துடலாம்னு இருக்கேன்."

அன்றைக்குக் கூட்டத்தில் சத்தம் ஜாஸ்தி. "வீட்டுல கஷ்டம் இருக்கும்போது நாம யாரு தடுக்க?" என்று ஒருத்தர். "நாங்களும் பாம்பு ஏணி சொல்லிக் கொடுத்திருக்கோம், எங்களுக்குப் பங்கு இல்லையா?" என்று இன்னொருத்தர். இரண்டும் நியாயமான கேள்விதான். நான் அப்போதுதான் மகள் சொன்ன லிஸி மேகி கதையைச் சொன்னேன். எல்லாரும் கேட்டாங்க. கேட்டு முடித்ததும் எங்க ஊக்குநர் ஒரு கேள்வி கேட்டாங்க: "அந்தம்மாவுக்கு ஒரு குழு இருந்துச்சா?"

அந்தக் கேள்விக்கு அப்புறம் பேச்சு மாறிப் போச்சு. அக்காவின் பிரச்சினை கட்டணம். அதற்குப் பதில் உள்கடன். அன்றே தீர்மானம் எழுதி 25,000 ரூபாய் கடன் கொடுத்தோம். பணத்தட்டுப்பாட்டில் விற்கிற கட்டாயம் போனது. விற்பதா, நாமே போடுவதா என்று நிதானமாக யோசிக்க நேரம் கிடைத்தது.

பிறகு சட்டம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் 1970-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, விளையாடும் முறைக்குக் காப்புரிமை கிடைக்காது. பிரிவு 3 அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் நாம் வரைந்த படத்துக்கும், எழுதிய விதிமுறைத் தாளுக்கும் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. உருவாக்கிய உடனே உரிமை வந்துவிடும். பதிவு செய்தால் தகராறு வரும்போது சாட்சியாக இருக்கும். ஆட்டத்தின் பெயரை வணிகச் சின்னமாகப் பதியலாம். உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். 'எல்லா உரிமையும் நிரந்தரமாக' என்று எழுதியிருந்தால் அதை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க.

பொம்மை விஷயத்தில் இன்னொரு விதியும் உண்டு. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொருள்களுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்தியக் கைவினைத் துறையில் பதிந்த கைவினைஞர்கள் செய்து விற்பதற்கு விலக்கு இருக்கிறது. எங்கள் ஆட்டம் குழு உறுப்பினர்களின் பயிற்சிக்கானது. பெட்டியில் அப்படியே எழுதினோம், சிறுவர் கடைகளுக்குக் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்கான ஆட்டம் என்றால் சும்மா மேலே வேறு மாதிரி எழுதித் தப்பிக்க முடியாது. மாவட்டத் தொழில் மையத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பெட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், வருஷம், அதிகபட்ச விலை, குறை சொல்ல எண் எல்லாம் இருக்க வேண்டும்.

வழிகாட்ட நம்ம சென்னையிலேயே ஒரு முன்னுதாரணம் இருந்தது. வினிதா சித்தார்த்தா என்பவர் 2000-களின் தொடக்கத்தில் கிரீடா என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பல்லாங்குழி, தாயம், பரமபதம், ஆடுபுலி ஆட்டம் எல்லாவற்றையும் இன்றைய வீட்டுக்கு ஏற்ற மாதிரி பெட்டியில் போட்டு, விதிமுறைத் தாளும் வைத்து விற்றார். பாட்டி பக்கத்தில் இல்லாத வீட்டில் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுப்பது அந்த விதிமுறைத் தாள்தான். இதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. எங்க ஆட்டத்தின் விதிகள் எங்க வாயில் மட்டுமே இருந்தன. எழுத உட்கார்ந்தால், "இரண்டு காய் ஒரே கட்டத்தில் நின்றால் என்ன?" என்பதற்கே நாலு பேர் நாலு பதில். நாலு வாரம் எழுதி, ஆட்டத்தை அறியாத குழுக்களிடம் தாளை மட்டும் கொடுத்து ஆடச் சொல்லி, நாங்க வாயை மூடிக்கொண்டு பார்த்தோம். அவங்க எங்கே தடுமாறினாங்களோ அங்கே திருத்தினோம். இந்த வேலையைத் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீங்க.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதலில் 200 பெட்டி. துணியில் அச்சு 70 ரூபாய், தாயக்கட்டையும் காய்களும் 22, பெட்டி 35, விதிமுறைத் தாள் 5. ஒன்றுக்கு 132 ரூபாய், மொத்தம் 26,400. அட்டையும் தாளும் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்கினோம். விலை 220. அக்காவுக்குப் பெட்டிக்கு 15 ரூபாய் பங்குத்தொகை. நாமே நேராக விற்றால் குழுவுக்கு 73 ரூபாய் நிற்கும். கடையில் கொடுத்தால் கால் பங்கு, அதாவது 55 ரூபாய், கடைக்காரருக்குப் போய் நமக்கு 18-தான். இது தெரியாமல் முதலில் கடை கடையாய் ஏறினோம். பிறகு கல்லூரிச் சந்தை, பூமாலை வளாகம், மற்றக் கூட்டமைப்புகளின் பயிற்சி நாட்கள் என்று நேர் விற்பனைக்கு மாறினோம். 11 மாதத்தில் 163 பெட்டி விற்றது. 37 இன்னும் அலுவலக பீரோவில் இருக்கிறது. பெரிய லாபம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போட்ட முதல் திரும்பிவிட்டது. அக்காவுக்கு இதுவரை 2,445 ரூபாய் பங்குத்தொகை. 25,000-க்கு முன்னால் இது சின்னத் தொகைதான். இதை நான் கூட்டத்திலேயே சொன்னேன். அதற்கு அக்கா, "அது ஒரு தடவை வர்ற காசு. இது என் பேரோட வர்ற காசு" என்றாங்க. உள்கடனில் பாதிக்கு மேல் அடைத்தும் விட்டாங்க.

ஒரு தப்பும் நடந்தது. அச்சுக்குப் போகும் முன் நாலு பேர் சரிபார்த்தும், 47-ஆம் எண் இரண்டு கட்டத்தில் விழுந்துவிட்டது, 48 காணோம். 200 துணியிலும் அப்படியே. அழுதோம். பிறகு பேனாவால் திருத்தினோம். என் மகள் சிரித்துக்கொண்டு, "விடும்மா, யாராவது காப்பி அடிச்சா இரண்டு 47-ஐ வெச்சே கண்டுபிடிச்சிடலாம்" என்றாள். மார்வென் கார்டன்ஸ் கதையை அவள்தானே சொன்னாள்!

மற்றக் குழுக்கள் சேர்த்த பாம்பு ஏணிகளுக்கு விதிமுறைத் தாளின் பின்னால் அந்தந்தக் குழுவின் பெயரைப் போட்டிருக்கிறோம். அடுத்த பதிப்பில் முடிச்சூர் வெள்ளப் பாம்பும் வரும், அவங்களுக்கும் பங்கு உண்டு என்று தீர்மானம் எண் போட்டு எழுதியாச்சு.

சகோதரிகளே, நம்மில் ஒருத்தர் ஊறுகாய் போடலாம், இன்னொருத்தர் கோலப் புத்தகம் எழுதலாம், வேறொருத்தர் பாட்டுக் கட்டலாம். எது செய்தாலும் முதல் நாளே தேதியும் பெயரும் எழுதித் தீர்மானப் புத்தகத்தில் பதிந்து வையுங்கள். அவசரத்துக்குப் பணம் வேணும்னா குழுவிடம் கேளுங்கள். யோசனையை விற்காதீங்க. லிஸி மேகியின் பெயரை ஊரறிய 1970-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்க அக்காவின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அது பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பீரோவில் 37 பெட்டி இருக்கு. வந்து வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.